கணக்காளர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருபவருக்கு: கடலூர், புதுச்சேரி பக்கத்துக்கான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அறை பிடித்து, ஒன்பது கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க ஆரம்பித்த புதிதில், இந்தப் பக்கத்துக் கணக்காளர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். நான்காவது வாரம் அதிலிருந்து நீக்கப்பட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு வந்த நோட்டீஸை, அவர் பெயர், பான் எண், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் தெரியும்படி அப்படியே குழுவில் போட்டிருந்தேன். கூடவே "அவசரம், யாராவது சொல்லுங்க சார்" என்று ஒரு வரி. அன்று 20ஆம் தேதி, மாலை ஆறு மணி. பதில் வரவில்லை என்று அதையே இன்னும் இரண்டு முறை போட்டேன். அதே தெருவில் அதே வியாபாரம் செய்யும் இன்னொரு கடைக்குக் கணக்கு எழுதுபவரும் அந்தக் குழுவில் இருந்தார். மறுநாள் காலை, நோட்டீஸ் வந்த விஷயம் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. என் வாடிக்கையாளர் சத்தம்கூடப் போடவில்லை. பில் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி அந்தக் குழுவில் இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தனியாகத் திண்டாடினேன். உங்களுக்கு அது வேண்டாம்.

குழுவில் பதில் சொல்பவர் தன் சம்பாத்திய நேரத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறார். நீங்கள் அங்கே கொண்டுபோகும் காகிதம் உங்களுடையது இல்லை, வாடிக்கையாளருடையது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

1. சேரும் முன் யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்

நல்ல குழுக்களில் பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் சேர முடியும். சீனியர் ஒருவரிடமோ, உங்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்றவரிடமோ கேளுங்கள். சேர்வதற்குச் செலவு எதுவும் இருக்கக் கூடாது. வகுப்பு நடத்துபவர் அதற்குக் கட்டணம் வாங்கினால் அது நியாயம். வெறும் குழுவில் இருக்கவே மாதாமாதம் பணம் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

அட்மின் உங்கள் பெயர், ஊர், வேலை செய்யும் இடம் கேட்பார். விசிட்டிங் கார்டு இருந்தால் அதன் படம், ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு எண், இவ்வளவு போதும். ஆதார் நகல், வங்கி பாஸ்புக் கேட்கும் குழுவுக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் உங்கள் போன் நம்பர் தெரியும். அதனால் தொழிலுக்குத் தனி சிம் வைத்து, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்வது நல்லது. அந்தச் செயலிக்குக் கட்டணம் இல்லை. பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதுங்கள். சேர்ந்த உடனே செட்டிங்கில் படங்கள், கோப்புகள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரார் வாடிக்கையாளர்களின் காகிதமெல்லாம் உங்கள் போனில் சேரும், உங்கள் வீட்டுக் குழந்தைகளின் படங்களோடு கலந்து.

2. முதல் வாரம் படிப்பதற்கு மட்டும்

குழு விவரத்தில் விதிகள் எழுதியிருப்பார்கள். மேலே பின் செய்த செய்திகளைப் படியுங்கள். யார் எதில் கெட்டி என்பது ஒரு வாரத்தில் பிடிபடும்: ஒருவர் ஈவே பில்லில் (சரக்கை அனுப்பும்போது போர்ட்டலில் எடுக்கும் சீட்டு), ஒருவர் பிஎஃப், ஈஎஸ்ஐயில் (ஊழியர் சேமநிதி, காப்பீடு), இன்னொருவர் ரீஃபண்டில்.

அறிமுகம் மூன்று வரியில் போதும். "வணக்கம். என் பெயர் இது. திருப்பாதிரிப்புலியூரில் மளிகை, ஜவுளி கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். சேர்த்துக்கொண்டதற்கு நன்றி." முடிந்தது. படித்த பட்டம், பழைய கம்பெனி எல்லாம் வேண்டாம்.

எல்லாரையும் சார், மேடம் என்றே அழையுங்கள். அவர்களே "அண்ணேன்னு கூப்பிடுப்பா" என்றால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சிஏ முடிக்காதவரை ஆடிட்டர் என்று அழைக்காதீர்கள். மரியாதைக்குத்தான் சொல்கிறோம், ஆனாலும் அவருக்கு அது சங்கடம். உங்களை யாராவது அப்படி அழைத்தால் அப்போதே திருத்திவிடுங்கள்.

3. எப்போது கேட்பது

எனக்கு இது புரியவே பல மாதம் ஆனது. கணக்காளரின் மாதம் இப்படி ஓடுகிறது: 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரி) கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன். காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்களுக்கு அது 13. 14ஆம் தேதி 2பி வரும், அதாவது வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடியதன் (ஐடிசி) பட்டியல். 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டிஆர்-3பி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன். காலாண்டுக்கு ஒருமுறை 3பி போடுபவர்களுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 22.

இந்தத் தேதிகளுக்கு முந்தின நாளும் அன்றும் யாரும் உங்கள் கேள்வியைப் படிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். போர்ட்டல் சுற்றிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் போன் அடித்துக்கொண்டிருக்கும். 23ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை நல்ல காலம். மாதத் தொடக்கத்தில் 1 முதல் 5 வரையும் பரவாயில்லை. நாளில் என்றால் பகல் மூன்று, நான்கு மணி. இரவு ஒன்பதுக்கு மேல் எழுதாதீர்கள்.

கடைசி நாளில் உண்மையிலேயே சிக்கினால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3பி ஒரு நாள் தாமதமானால் லேட் ஃபீஸ் 50 ரூபாய், விற்பனையே இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய். வரி பாக்கிக்கு வருடம் 18 சதவீதம் வட்டி தனி. தப்பாகப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதைவிட, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் பொறுத்துச் சரியாகப் போடுவது பல நேரம் மலிவு. ஆனால் அந்த முடிவு வாடிக்கையாளருடையது, பணம் அவருடையது.

இன்னொன்று. "இன்னிக்கு ஆபீஸ் உண்டா?" என்று கேட்கும் முன் எந்தப் பக்கத்து ஆபீஸ் என்று பாருங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரி அரசுக்கு விடுமுறை. எல்லைக்கு இந்தப் பக்கம் கடலூரில் அப்படி இல்லை.

புயல், வெள்ள நாட்களில் தொழில் கேள்வியே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "எல்லாரும் பத்திரமா? யாருக்காவது போன் சார்ஜ் போட இடம் வேணுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. அந்தக் குழுவில் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

4. கேள்வியை முதலில் நோட்டில் எழுதுங்கள்

"70 ஆயிரம் ரூபாய் சரக்கு அனுப்பணும், ஈவே பில் வேணுமா?" இப்படி ஒருவர் கேட்டார். ஐந்து நிமிடத்தில் வேண்டும் என்று நான்கு பேர், வேண்டாம் என்று மூன்று பேர், அப்புறம் சண்டை. ஏழு பேர் சொன்னதும் சரிதான்! கடலூரிலிருந்து நெய்வேலிக்குப் போனால் அது தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கும் விற்பனை. 1 லட்சத்தைத் தாண்டினால்தான் ஈவே பில். அதே சரக்கு கடலூரிலிருந்து புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கடைக்குப் போனால், தூரம் குறைவாக இருந்தாலும் மாநிலம் விட்டு மாநிலம். 50 ஆயிரத்தைத் தாண்டினாலே வேண்டும். பில்லில் போடும் வரியும் மாறும்: நெய்வேலிக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநிலப் பங்குகள்), பாகூருக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கான வரி). கேட்டவர் இரண்டு ஊர்ப் பெயர்களை எழுதியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும்.

அதனால் இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்வியானாலும் முதல் வரியில் 33ஆ 34ஆ என்று எழுதிவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே யூடிஜிஎஸ்டி (யூனியன் பிரதேச வரி) என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமன்றம் இருக்கிற பிரதேசம் அது. உள்ளூர் விற்பனைக்கு அங்கேயும் எஸ்ஜிஎஸ்டிதான். புதிதாக வருபவர்கள் தவறாமல் விழும் குழி இது, நானும் விழுந்தேன்.

இன்னொரு உதாரணம், பண்ருட்டிப் பக்கம் அடிக்கடி வருவது. "முந்திரி வாங்கினால் ஆர்சிஎம் உண்டா?" ஆர்சிஎம் என்றால் விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே வரி கட்டும் முறை. இதற்குப் பதில் சொல்ல மூன்று விவரம் வேண்டும். வாங்கியது ஓட்டோடு இருக்கும் கொட்டையா, உடைத்த பருப்பா? விற்றவர் விவசாயியா, வியாபாரியா? வாங்கியவருக்கு ஜிஎஸ்டி பதிவு உண்டா? பதிவு உள்ளவர் விவசாயியிடம் நேரடியாகக் கொட்டையாக வாங்கினால் வாங்கியவரே ஆர்சிஎம் முறையில் வரி கட்ட வேண்டும். ஒன்று மாறினால் பதிலும் மாறும்.

நோட்டீஸ் பற்றிக் கேட்பதாக இருந்தால் படிவத்தின் பெயரையும், அது வந்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். பதிவை ரத்து செய்ய வரும் ரெக்-17க்கு 7 வேலை நாளில் பதில் தர வேண்டும். புதிய பதிவு விண்ணப்பத்தில் விளக்கம் கேட்டு வரும் ரெக்-03க்கும் அதே 7 வேலை நாள். ரிட்டர்னில் வித்தியாசம் இருக்கிறதென்று வரும் ஏஎஸ்எம்டி-10க்குப் பொதுவாக 30 நாள். எத்தனை நாள் பாக்கி என்று தெரிந்தால்தான் பதில் சொல்பவர் இப்போதே எழுதுவதா, இரவு வீட்டுக்குப் போய் எழுதுவதா என்று முடிவு செய்வார். "அவசரம்" என்ற சொல் அந்த வேலையைச் செய்யாது.

நான் இப்போது எழுதும் முறை இது:

"34, தனிநபர் தொழில், ரெகுலர் ஸ்கீம், மாதாந்திர ரிட்டர்ன். ஹார்டுவேர் கடை. 12ஆம் தேதி ஏஎஸ்எம்டி-10 வந்தது. ஒரு மாதம் 3பியில் எடுத்த ஐடிசி 2பியைவிட அதிகம். வித்தியாசம் சுமார் 18 ஆயிரம். பர்ச்சேஸ் பில்களோடு ஒப்பிட்டேன், ஒரு சப்ளையர் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல்தான் காட்டியிருக்கிறார். பதிலோடு அந்த பில், பணம் கட்டிய வங்கிப் பதிவு இரண்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வேறு எதாவது வைக்க வேண்டுமா?"

நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்பது கேள்வியில் இருக்க வேண்டும். வேலை செய்துவிட்டு வந்து கேட்பவருக்கு உதவ எல்லாருக்கும் மனம் வரும். கேட்கும் முன் குழுவின் தேடும் வசதியில் அந்தப் படிவத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடக்கும்.

குரல் பதிவில் கேட்காதீர்கள். நான்கு நிமிடப் பதிவை வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது யாரும் கேட்க முடியாது, பின்னால் தேடவும் முடியாது. தமிழில் எழுதினாலும் சரி, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் சரி. தொகை, தேதி, படிவப் பெயர் மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

5. காகிதத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள்

முதல் கேள்வி: காகிதத்தைப் போடத்தான் வேண்டுமா? மேலே உள்ள மாதிரி எழுதினால் பத்தில் எட்டு முறை தேவைப்படாது. வேண்டியிருந்தால், வாடிக்கையாளரிடம் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பெயரை மறைச்சுட்டு இதைப் பத்தி தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாமா?" பெரும்பாலும் சம்மதிப்பார். சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மறைக்க வேண்டியவை: பெயர், கடைப் பெயர், முகவரி, போன், மெயில், வங்கிக் கணக்கு, ஏஆர்என் (விண்ணப்பக் குறிப்பு எண்), நோட்டீஸின் குறிப்பு எண். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள்; அதில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ள 10 எழுத்தும் அவருடைய பான் எண். பான் எண்ணை மறைத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை விட்டுவைத்தால் எதையும் மறைக்கவில்லை என்றுதான் பொருள். முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் விட்டுவையுங்கள், 33ஆ 34ஆ என்று தெரிய. இ-இன்வாய்ஸில் உள்ள க்யூஆர் கட்டத்தையும் மூடுங்கள். விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்ணும், பில் தொகையும் அதற்குள் இருக்கின்றன. அதிகாரியின் பெயரையும் மறைத்துவிடுங்கள், அவரைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடம் தர வேண்டாம்.

மறைக்கும் முறையில் இரண்டு பேர் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் போனில் ஹைலைட்டர் பேனாவால் நாலைந்து முறை கறுப்பாகத் தேய்த்தார். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்து தெரிந்தது. இன்னொருவர் பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வைத்தார். பெட்டியை நகர்த்தினால் கீழே எல்லாம் இருந்தது. சரியான வழி: வேண்டிய பத்தியை மட்டும் வெட்டி எடுங்கள், மீதி உள்ள விவரத்தின் மேல் அழுத்தமான கறுப்புக் கட்டம் வையுங்கள், பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை அனுப்புங்கள். கோப்பாக அனுப்பினால் கோப்பின் பெயரையும் பாருங்கள். உள்ளே எல்லாம் மறைத்துவிட்டு வெளியே கடைப் பெயரோடு அனுப்புவது நடக்கிறது.

தவறிப் போட்டுவிட்டால் உடனே "எல்லாருக்கும் அழி" கொடுங்கள். அதற்குச் சுமார் இரண்டரை நாள் வரை அவகாசம் உண்டு. அதற்கு மேல் ஆகிவிட்டால் அட்மினிடம் சொல்லுங்கள், அவரால் அழிக்க முடியும். ஆனால் அதற்குள் இறக்கி வைத்தவர் போனில் அது இருக்கும். ஆகவே அன்றே வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அவர் கடைத்தெருவில் கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்றும் எனக்கு வலிப்பது அதுதான்.

6. பதில் வந்த பிறகு

நன்றிக்கு ஒரு கைகூப்பும் குறி போதும், பதில் சொன்னவரின் செய்தி மேலேயே. ஆனால் வேலை முடிந்ததும் என்ன ஆனது என்று வந்து எழுதுங்கள். "பதில் தாக்கல் செய்தேன், ஏற்றுக்கொண்டார்கள்" என்ற ஒரு வரி, அடுத்து தேடி வருபவருக்கு மிகவும் பயன்படும். இதைச் செய்பவர்கள் குறைவு.

இரண்டு பேர் மாறி மாறிச் சொன்னால் யார் பெரியவர் என்று பார்க்காதீர்கள். "எந்தப் பிரிவு, எந்த நோட்டிஃபிகேஷன் என்று சொல்ல முடியுமா சார்?" என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் வரவில்லை என்றால் ஒரு முழு நாள் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

7. தனி மெசேஜும் கட்டணமும்

குழுவில் பதில் சொன்னவரை உடனே தனியாகப் போனில் பிடிக்காதீர்கள். "சார், இது பற்றித் தனியாக ஐந்து நிமிடம் பேசலாமா? எந்த நேரம் வசதி?" என்று எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பது உதவி. உங்கள் வாடிக்கையாளரின் பதில் கடிதத்தை முழுதாக எழுதித் தருவது வேலை. அந்த எல்லை வந்ததும் நீங்களே முந்திக்கொண்டு, "இதற்கு என்ன கட்டணம் சார்?" என்று கேளுங்கள். முத்தியால்பேட்டையில் ஒரு சீனியர் எனக்காக ஒரு மாலை முழுதும் உட்கார்ந்தார். 500 ரூபாய் கொடுத்தேன், தயங்கித்தான் வாங்கினார். அப்புறம் அவரிடம் கேட்க எனக்குத் தயக்கமே இல்லை. அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்.

குழுவில் சந்தேகம் கேட்டவரின் வாடிக்கையாளரைத் தேடிப்போய்ப் பிடிப்பதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். சின்ன ஊர் இது.

8. ஃபார்வர்ட் செய்யும் முன்

ஜூலை, செப்டம்பர் மாதங்களில் "தேதி நீட்டிப்பு" என்று ஒரு படம் சுற்றும். சில வருடம் உண்மை, சில வருடம் பொய். நோட்டிஃபிகேஷன் அல்லது சுற்றறிக்கை எண், தேதி இரண்டும் இருந்து, அரசுத் தளத்தில் நீங்களே திறந்து பார்த்திருந்தால் மட்டும் அனுப்புங்கள். உங்களை நம்பி ஒருவர் ரிட்டர்னைத் தள்ளிப்போட்டால் அந்த லேட் ஃபீஸ் அவர் வாடிக்கையாளர் தலையில் விழும். வரி விகிதப் பட்டியல்களிலும் இதே கவனம் தேவை: 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களின் விகிதம் மாறிவிட்டது, பழைய பட்டியல்கள் இன்னும் தேதி இல்லாமல் சுற்றுகின்றன.

ஏபிகே என்று முடியும் கோப்பு (போனில் செயலியை நிறுவுவது) எதையும் திறக்காதீர்கள், தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும். அவர் போனே யாரோ ஒருவர் கையில் இருக்கலாம். ஓடிபி, போர்ட்டல் பாஸ்வேர்டு இரண்டையும் யாருக்கும் குழுவிலும் தனியாகவும் தராதீர்கள். பணம் போய்விட்டால் நிமிடம் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

காலை வணக்கப் படம், கட்சிச் செய்தி, கோயில் கும்பாபிஷேக அழைப்பு எதுவும் வேண்டாம். துக்கச் செய்தி வந்தால் அதன் மேலேயே குறி போடுங்கள். இருநூறு பேர் தனித்தனியாக எழுதினால் அன்று காலை யாரோ கேட்ட ரெக்-17 கேள்வி மேலே போய்க் காணாமல் போகும்.

9. விலகும்போது

வேலை மாறினால், ஊர் மாறினால் அட்மினிடம் ஒரு வரி சொல்லிவிட்டு விலகுங்கள். நீங்கள் விலகியது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பாகப் போகும். குழுவில் சத்தம் இருக்காது. நம்பரை மாற்றுவதாக இருந்தால் பழைய சிம்மைக் கைவிடும் முன் வாட்ஸ்அப்பில் "நம்பர் மாற்று" வசதியைப் பயன்படுத்தி மாற்றுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும். அதுவரை அந்தக் குழுவில் உங்கள் பெயரில் ஓர் இடம் திறந்தே இருக்கும். கடைசியாக, போனில் இறங்கியுள்ள கோப்புகளைத் திறந்து, மற்றவர்களின் வாடிக்கையாளர் காகிதங்களை ஒவ்வொன்றாக அழியுங்கள். எனக்கு அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுதும் ஆனது.